மூணாவது டப்பா

இன்னிக்கு மத்தியானம் மூணு மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு நம்ம மீனுவோட ஸ்கூல்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு. ஹெல்த் செக்கப்ல வயசுக்கு மீறி எடை இருக்காம், உடனே டாக்டரைப் பாருங்கன்னு. நேரத்தை எதுக்குச் சொல்றேன்னா, ஏழு மாசம் முன்னாடி, நீ லிஃப்ட் கிட்ட விழுந்துட்டன்னு உன் ஆபீஸ்லேர்ந்து ஃபோன் வந்தது காலைல பத்து நாப்பத்தொண்ணுக்கு. நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள நீ இல்ல. அதுலேர்ந்து எந்தச் சேதி வந்தாலும் மொதல்ல மணியைத்தான் பாக்கறேன்.

மெசேஜைப் படிச்சதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு. எடை ஏறினா கொழந்தை வளருதுன்னுதானே அர்த்தம்? யூனிஃபார்ம் ரெண்டு தடவை மாத்தியாச்சு. தி.நகர் கடைக்காரர், "பொண்ணு கிடுகிடுன்னு வளருது சார்"னு சொன்னப்போ பெருமையா இருந்துச்சு. கீழ் வீட்டு மாமி தெனம் ஒரு ஸ்வீட்டை நீட்டுவாங்க. "அம்மா இல்லாத கொழந்தை, கேக்கறதைக் குடுங்கோ." குடுத்தேன். வேற எதைக் குடுக்கறதுன்னு தெரியல.

நீ இருந்தப்போ ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு நடந்தே போவீங்க. அவ முன்னாடி ஓடுவா, நீ பையைத் தூக்கிட்டு பின்னாடி ஓடுவ. இப்போ ஆட்டோ. சாப்பிடறப்போ நான் ஃபோனை எடுத்தா பிடுங்கி ஃப்ரிட்ஜ் மேல வெச்சுடுவ. "டேய் இன்ஜினியரு, எங்க மூஞ்சியைப் பாத்து சாப்பிடுடா. அவ்வளவு கேவலமாவா இருக்கோம்?" மீனு புரையேறச் சிரிப்பா. வெள்ளிக்கிழமை மட்டும் அடுப்புக்கு லீவு. ஆர்டர் பண்ணுவோம், மூணு டப்பா.

சாயங்காலம் அடையார்ல டாக்டரம்மா மீனுகிட்டயே கேட்டாங்க.

"ராத்திரி என்னம்மா சாப்பிடுவ?"

"பரோட்டா."

"தெனமுமா? எவ்வளவு?"

"ரெண்டு டப்பா. என்னோடது, அம்மாவோடது."

டாக்டர் என்னைப் பாத்தாங்க. நான் மீனுவைப் பாத்தேன்.

"அம்மாவுக்கும் அப்பா ஆர்டர் பண்ணுவாரு. வேஸ்ட் பண்ணா அம்மாவுக்குப் பிடிக்காதுல்ல? அதான் நான் சாப்பிட்டுடுவேன்."

அங்கேயே ஃபோன்ல சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப்பைத் தொறந்து பாத்தேன். கடைசி ஆர்டரை மறுபடி போடற பட்டன். ஏழு மாசமா அதைத்தான் அமுக்கியிருக்கேன். நம்மளோட கடைசி வெள்ளிக்கிழமை ஆர்டர். மூணாவது டப்பாவுக்குக் கீழ நீ எழுதினது அப்படியே இருக்கு: "காரம் கம்மி, சால்னா தனியா ப்ளீஸ்." பை வந்ததும் டேபிள்ல வெச்சு, மீனு கைல டேப்லட்டைக் குடுத்துட்டு, என்னோடதை மட்டும் எடுத்துட்டு லேப்டாப் முன்னாடி போயிடுவேன். மிச்சத்தை நான் பாத்ததே இல்ல. ஆபீஸ்ல பழைய சாஃப்ட்வேர் கோடைப் படிக்காம காப்பி அடிக்கறவனைக் காய்ச்சி எடுக்கறவன் நான்.

"இப்படியே போனா சின்ன வயசுலயே சுகர் வந்துடும். இப்போ மாத்தினா சரி பண்ணிடலாம்"னாங்க டாக்டர். "கொழந்தைக்கு டயட் எழுதல சார். உங்க வீட்டுக்கு எழுதறேன்."

ஆட்டோ வேணாம்னு நடந்தோம். அடையார் பாலத்துல பாதி தூரத்துல அவளுக்கு மூச்சு வாங்கிடுச்சு. கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுட்டு நின்னா. உனக்கு முன்னாடி ஓடினவ.

"ஏன் மீனு அப்பாகிட்ட சொல்லல?"

"அம்மா டப்பா மிச்சம் இருந்தா அதைப் பாத்து நீ அழுவ. வயிறு வலிச்சாலும் முடிச்சுடுவேன்ப்பா."

எனக்கு அழக்கூட வரல.

வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவைத் தொறந்தேன். ரெண்டு பேருக்கு எவ்வளவு போடறதுன்னு தெரியல. "அம்மா ஒரு டம்ளர் போடுவாங்க"ன்னா மீனு. அது மூணு பேருக்கு. கொஞ்சம் அரிசியைத் திருப்பிக் கொட்டினேன். அந்தக் கொஞ்சத்தைக் கொட்டத்தான் ரொம்ப நேரம் ஆச்சு.

குக்கர் விசில் வர்றதுக்குள்ள மீனுவோட ரஃப் நோட்ல இதை எழுதறேன். இப்போதான் ஃபோன் மின்னிச்சு, 'வழக்கமான ஆர்டர் போடலாமா?'ன்னு. அந்த ஆர்டரை அழிக்க முடியல. உன் வார்த்தை அதுலதான் இருக்கு. மீனு ரெண்டு தட்டை வெச்சுட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கா.

ஃபோனை ஆஃப் பண்ணி ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டேன்.