தொத்து மூச்சு

நவ. 12, புதன்
காலை முதல் தூறல். துணி காயவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்தது. வந்ததும் முதல் வேலை, பேட்டரியைச் சார்ஜில் போட்டது.

வெள்ளியன்று வல்லக்கோட்டையில் பாப்பாவுக்கு மொட்டை, காதுகுத்து. எடுத்து வைக்க: ஆக்சிஜன் மெஷின், பேட்டரி இரண்டு, மாற்று மூக்குக் குழாய், சந்தனம், புதுப் பாவாடை, பிஸ்கட்.

தூங்கப்போகும்முன் பாப்பாவை இழுத்து முத்தம் கொடுத்தேன். கன்னத்தை உப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். விட்டதும் கதவருகே ஓடிப்போய் மூச்சு வாங்கினாள்.

"ஏன்டி?"

"அத்த சொன்னாங்க. அம்மா கிட்ட போனா மூச்ச புடிச்சிக்கணும். இல்லாங்காட்டி எனக்கும் மெஷின் வந்துடும்."

என் நுரையீரல் தழும்பேறிக்கொண்டே போகிறது. யாருக்கும் தொற்றாது. நான் பி.எஸ்சி. படித்தவள், படம் போட்டே விளக்கினேன் அண்ணிக்கு, அதாவது பாப்பாவின் அத்தைக்கு, என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு. தலையாட்டிக் கேட்டாள். நேரில் 'வாங்க அண்ணி, போங்க அண்ணி'. இந்த டைரியில் 'கேட்டாள்'தான். இங்கே அவளுக்கு மரியாதை கிடையாது.

நவ. 13, வியாழன்
மழை இல்லை. அவரிடம் சொன்னேன். பி ஷிப்டுக்குக் கிளம்பியபடி, "அக்கா வாய் அப்டித்தான், வுடேன்" என்றார். கம்பெனி பஸ் ஹார்ன். ஓட்டம்.

வெங்காயம் உரிக்கும்போது அண்ணிக்கு என்னென்ன நடக்கலாம் என்று யோசித்தேன். சுளுக்கு. பல்வலி. பந்தியில் எல்லார் எதிரிலும் புரையேறி, தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல். கடைசியாக நினைத்ததை எழுத மாட்டேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் அவளே போனில்: "கோயில்ல அந்த டியூப மட்டும் கயட்டிடும்மா. போட்டோவுல நல்லாவா இருக்கும்?"

"சரிங்க அண்ணி."

கழற்ற மாட்டேன்.

என் கோபமெல்லாம் பயம்தான். இனி பாப்பாவை எவ்வளவு நாள் கொஞ்சப்போகிறேனோ. அதிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால்?

நவ. 14, வெள்ளி
நல்ல வெயில். வேனில் நானும் மெஷினும் ஜன்னலோரம். அண்ணி முன் சீட்டில், மூக்கில் முந்தானை. டீசல் வாசனையாம்.

மொட்டைக்குப் பாப்பா சிரித்தாள். காதுகுத்த என் தம்பி மடி. ஒரகடத்தில் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறான், தாய்மாமன் மடிக்காக ஓ.டி.யை விட்டு வந்தான். டியூப் போட்டோவில் விழாதபடி என்னைப் பின்னால் நிறுத்தினாள் அண்ணி.

ஒரு காதில் ஊசி இறங்கியது. வீறிட்டாள். அப்புறம் சத்தமே இல்லை. வாய் திறந்தபடி. உதடு நீலம்.

"எக்கா, பிள்ள மூச்சு விடல!" தம்பி கத்தினான்.

அண்ணி பாய்ந்து உலுக்கினாள். "மூச்ச வுடுடி கண்ணு! வுடுடி!"

பிடித்துக்கொள்ளச் சொன்ன அதே வாய்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நின்னுகினே கீறியே! மூஞ்சில ஊதும்மா!"

"என் மூச்சுங்க அண்ணி. தொத்திக்கும். பரவால்லையா?"

கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன்.

"ஐயோ, ஊதுடி!"

ஊதினேன். இருந்ததையெல்லாம் ஊதினேன். பாப்பா அலறினாள். நான் தூணைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். மெஷின் புஸ், புஸ். மொட்டைத் தலையை என் கழுத்தில் புதைத்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். மூச்சைப் பிடிக்க மறந்துபோயிருந்தாள்.

இன்னொரு காதையும் குத்தியாயிற்று.

நவ. 15, சனி
இருமல். சட்டினி மட்டும் அரைத்தேன், மாவு கடையில். பாப்பா காதுக்குத் தேங்காய் எண்ணெய். முத்தம் கேட்டேன். கன்னத்தை உப்பினாள். திரும்பவும்.

அண்ணி போன்: "நான் இன்னாமோ ஒரு பேச்சுக்கு சொன்னேம்மா. நீயே கொயந்தைக்கு பக்குவமா எடுத்துச் சொல்லிடு."

"நீங்க சொன்னத நீங்களே வந்து மாத்துங்க அண்ணி. அத்த வாயால சொன்னாத்தான் கேப்பா."

"சரி, நாளிக்கி வரேன்."

பேட்டரி இரண்டும் சார்ஜில். அவளுக்கான நாற்காலியை என் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாயிற்று, தோள் இடிக்கிற மாதிரி. பாப்பா எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும், அத்தை எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்கிறாள் என்று.