குழி வாயில் வைத்த காய்கள்

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கேரம் ஆட வர வேண்டாம். எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். தையல் கடையில் கத்திரி பிடித்த வலது கை, பக்கவாதம் வந்த நாளிலிருந்து மடியில்தான் கிடக்கிறது, கேரம் தட்ட மட்டும் கொஞ்சம் அசையும்.

வாராவாரம் உன்னை ஜெயித்த தைரியத்தில், நேற்று கைக்குப் பயிற்சி தரும் கூடத்தில் இன்னொரு நோயாளியை ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். ஒரு காயைக்கூடப் போட முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். மானம் போயிற்று.

நான் உன் அக்காவைக் கட்டிய புதிதில், ஒரு ஆட்டம் தோற்றால் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். இப்போது தோற்றுவிட்டுச் சிரிக்கிறாய். நீ விட்டுக்கொடுக்கிறாய் என்று எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

அத்தான்

ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

பஸ்ஸை ஓட்டும்போதும் உங்கள் கடிதம்தான் கண்ணில் நிற்கிறது. முதல் நாள் ஸ்ட்ரைக்கர் பாதிப் பலகையில் நின்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் காயை நானே குழி வாயில் கொண்டுபோய் வைத்தேன். தட்டினீர்கள், விழுந்தது, சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னேன். "ஆசை இருந்தாதான் கை அசையும், சரிதான். ஆனா எங்க தப்புதுன்னு தெரிஞ்சாதானே கை கத்துக்கும்? அதையே மறைச்சிட்டீங்களே" என்றாள்.

மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

ஜூலை 2

அத்தானுக்கு,

பதிலே இல்லை. பயிற்சிக்கும் போவதில்லையாமே, அக்கா சொன்னாள். கோபம் என் மேல்தானே? கையை ஏன் பட்டினி போடுகிறீர்கள்?

மாப்பிள்ளை

ஆகஸ்ட் 20

மாப்பிள்ளைக்கு,

இது வலது கை எழுத்து. கோழிக் கிறுக்கல்தான், பொறுத்துக்கொள்.

உன்னைக் குறை சொன்னேனே, குழி வாயில் காய் தானாக வந்து நிற்காது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை.

உன் அக்கா விடவில்லை. "நான் ஆடுறேன், வாங்க" என்று பலகையை எடுத்துப் போட்டாள். மருந்துக்குக்கூட இரக்கம் கிடையாது. தினமும் தோற்றேன். அவளை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் திரும்பப் பயிற்சிக்குப் போகிறேன்.

நேற்று தூரத்துக் காய் ஒன்றைப் போட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் கை வருகிறது என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வா, உன் பழைய மூஞ்சியோடு.

அத்தான்