கிழக்குப் பார்த்த கோயில்

2024 ஜனவரி 8

நாளை இடிக்கத் தொடங்குகிறார்கள். சந்தோஷமா துக்கமா என்று என்னையே கேட்டால் — சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். உத்தரம் உளுத்து, மழைக்கு மழை வாளி வைத்துப் பூசை கண்ட எங்கள் சூசையப்பர் கோயில் புதிதாக எழும்பப்போகிறது. அந்தப் பரபரப்பில் அடுப்பில் இருந்த சாக்லேட்டைக் கருக விட்டுவிட்டேன். கடையில் இன்று யூகலிப்டஸ் தைலம் மட்டும்தான் வியாபாரம்.

புதுக் கோயிலை ஆயர் அர்ச்சித்துத் திறக்கும் நாளில் வெளியிடப்போகும் மலருக்குப் பங்கின் வரலாற்றை எழுதும் வேலையை ஃபாதர் இன்னாசி எனக்குக் கொடுத்திருக்கிறார். கட்டடக் கமிட்டியிலும் நான் உண்டு. வாய் சும்மா இருக்குமா? பிளான் போடும்போதே என்ஜினியர் கோகுல்ராஜிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், பழைய மாதிரியே கிழக்குப் பார்த்த கோயிலாக இருக்க வேண்டும் என்று. வடகவுஞ்சியில் பூண்டு போடுகிற வீட்டுப் பிள்ளை, கெட்டிக்காரன். "செஞ்சிருவோங்கக்கா" என்றான்.

ஜனவரி 13

கூரை போய்விட்டது. பீடம் இருந்த இடத்தில் வெயில் விழுகிறது. அங்கே இதுவரை வெயில் விழுந்ததே இல்லை.

மார்ச் 2

ஐயோ.

தூண்கள் தரைக்கு மேலே வந்துவிட்டன என்று கேள்விப்பட்டு, சாக்லேட் டப்பாவோடு ஓடினேன். எது எங்கே வருகிறது என்று கோகுல்ராஜ் உற்சாகமாகக் காட்டினான். பீடம் என்று மேற்கே, பங்களா ரோட்டுப் பக்கம் கை நீட்டினான். வாசல் என்று கிழக்கே, பஜாரைக் காட்டினான். பழைய கோயிலில் எல்லாம் நேர் எதிர். பீடம் கிழக்கே, பெரிய வாசல் மேற்கே.

"ஏன்டா இப்பிடித் திருப்பி வச்சிருக்க?"

"நீங்கதானக்கா கிழக்குப் பாத்த கோயிலுன்னீங்க? எங்கூர்ல சாமி பாக்குற தெசதான் கோயிலு பாக்குற தெச."

"எங்க கோயில்ல சனம் பாக்குற தெசடா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. அவன்மேல் என்ன தப்பு? கிழக்கே பார்த்து உட்கார்ந்து செபித்தால் எங்களுக்கு அது கிழக்குப் பார்த்த கோயில். அவனுக்குச் சாமி கிழக்கே பார்க்க வேண்டும். ஒரே வார்த்தைக்கு இரண்டு பேரும் தலையாட்டியிருக்கிறோம். கமிட்டி மட்டும் என்ன? கலர் படத்தில் கோபுரத்தைப் பார்த்து மயங்கினோமே தவிர, திசையை யார் பார்த்தார்கள்?

மார்ச் 3

பூசை முடிந்து கமிட்டி. தலைவர் ஜெரோம் சார், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்த காலத்தில் தட்டின மாதிரியே மேசையைத் தட்டினார். உடைத்துத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். பஜார் பக்கம் வாசல் வைத்தால் பஸ் சத்தமும் மீன் நாற்றமும்தான் உள்ளே வருமாம். எல்லாவற்றுக்கும் காரணம் இந்தப் பிலோமினாவின் வாயாம், என் வாயாம். ஃபாதர் வேலையை நிறுத்திவிட்டு, அடுத்த ஞாயிறு முடிவு என்றார்.

உடைத்தால் அடுத்த வருடச் சூசையப்பர் திருநாளுக்குக் கோயில் கிடையாது. என்றைக்கு எழும்பினாலும் என் பேரைச் சொல்லித்தான் ஊர் சிரிக்கும்.

மார்ச் 6

கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் எழுத்துக் கோணுகிறது, பரவாயில்லை.

மலருக்குப் போட்டோ எடுக்க, இடித்த கல்லைக் குவித்திருக்கும் இடத்துக்குப் போனேன். ரெண்டு வாசப்படிக் கல்லு பக்கத்துல பக்கத்துல கெடக்கு. பெரிய வாசல் கல் — விளிம்பு இன்னும் விரலை அறுக்கும். பஜார் பக்கம், பீடத்தை ஒட்டி இருந்த சின்னக் கதவின் கல் — நடுவில் ஆட்டுக்கல் மாதிரி குழிந்து கெடக்கு.

எனக்குத் தெரியாததா? பெரிய வாசல் துரைமாருக்கு. குதிரையிலும் தூக்கு நாற்காலியிலும் பங்களா ரோட்டில் வந்து இறங்கினவர்களுக்கு. சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர், மூட்டை தூக்கினவர் எல்லாரும் பஜாரிலிருந்து சின்னக் கதவு வழியாக வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பங்களாவில் துணி துவைத்த என் அம்மா, துரைமார் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும், சாகும்வரை அந்தக் கதவால்தான் வந்தாள். ஏம்மா என்றால், "பழகிருச்சுடி" என்பாள்.

நான் எழுதிய வரலாற்றில் ஒவ்வொரு பங்குச்சாமியார் பேரும் இருக்கிறது. அந்தக் கதவைப் பற்றி ஒரு வரி இல்லை. மடச்சி.

கோகுல்ராஜ் இப்போது வாசல் வைத்திருப்பது அதே பக்கம்தான்! உடைக்க விடமாட்டேன். விடவே மாட்டேன்.

மார்ச் 10

இரண்டு கற்களையும் கோகுல்ராஜ் லோடு வண்டியில் ஏற்றிவந்து, இப்போது பூசை நடக்கும் ஹாலுக்கு முன்னால் இறக்கினான். வெளியே வந்தவர்களை எல்லாம் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். என்னென்னவோ பேச நினைத்திருந்தேன், அழுகைதான் வந்தது. "எங்கம்மா காலு இதுல இருக்கு" என்று மட்டும் சொன்னேன். நிறையப் பேர் குனிந்து தடவினார்கள். அவர்கள் வீட்டுக் கால்களும் அதில் இருக்கின்றனவே.

ரோமாபுரியில் பேதுரு கோயிலுக்கே வாசல் கிழக்கேதான் என்றார் ஃபாதர். இதைப் போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதா மனிதர்? பிறகு, உடைக்க வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். ஜெரோம் சாரும் இன்னும் சிலரும் தூக்கவில்லை. ஆனாலும் உடைப்பதில்லை! குழிந்த கல்தான் புதுக் கோயிலின் பெரிய வாசலுக்குப் படி. சார் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

கோகுல்ராஜ் போகும்போது, "இனிமே தெசயக் கையால காட்டிருங்கக்கா" என்றான்.

நவம்பர் 12

மழை. வாசல் நிலை வைத்தாயிற்று. எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் இப்ராம்சா பாய் குடையோடு வந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய அத்தா காலத்திலிருந்து அந்தக் கடைக்குத் தெரிந்தது கோயிலின் முதுகு மட்டும்தான். "இப்பத்தாம்மா உங்க கோயிலு எங்க பக்கம் மூஞ்சியத் திருப்பியிருக்கு" என்றார்.

வரலாற்றுக்கு முதல் வரி கிடைத்துவிட்டது. எழுதினதை எல்லாம் கிழித்துப்போட்டுவிட்டு வெள்ளனே எழுந்து மறுபடி தொடங்க வேண்டும்.

2025 மார்ச் 19

அர்ச்சிப்பு முடிந்தது. ஆயர், மேளம், ரோஜா மாலை — அதெல்லாம் போட்டோவில் இருக்கிறது. ஜெரோம் சார் பழக்கதோஷத்தில் பங்களா ரோட்டில் வந்து, சுவரைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

பூசை தொடங்கும் நேரம். பெரும்பாறை காப்பித் தோட்டத்திலிருந்து ஒவ்வொரு திருநாளுக்கும் சூசையப்பருக்கு மிளகு கொண்டுவரும் குப்பம்மாள், மஞ்சள் பையோடு கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் வாசலில் நின்ற என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டது.

"ஏம்மா, நாம போற சின்ன வாசலு எங்க? அடைச்சுப்புட்டாங்களா?"

"இதாம்மா அது" என்றேன்.

நம்பவில்லை. கோட்டுப் போட்டவர்களும் பட்டுக் கட்டியவர்களும் அந்த வழியாகப் போவதைப் பார்த்தது. பிறகு கீழே பார்த்தது. கல்லை அடையாளம் தெரிந்துகொண்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, குழியில் கால் வைத்து உள்ளே போனது.

நானும் பின்னாலேயே போனேன்.