நீளமான ஞானஸ்நான கவுன்

மஸ்கட்
12.3.1991

அன்புள்ள செலினுக்கு ஜோசப்ராஜ் எழுதுவது. நான் இங்கே சுகம். பருத்திப்பட்டில் நீயும் அம்மாவும் பாப்பாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

பாப்பாவின் ஞானஸ்நான போட்டோவை அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். கூடத் தங்கியிருக்கும் வெள்ளானூர் வரதன் அதைப் பார்த்து, "இன்னா மச்சான், கொழந்தைய உட கவுனு நீளமா கீது?" என்று சிரித்தான். எங்கள் வழக்கம் அப்படி என்று சொல்லி நானும் சிரித்தேன்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. பாப்பாவின் வளைந்த பாதம் மறுபடி உள்பக்கம் திரும்பிவிட்டது, திரும்பவும் மாவுக்கட்டு என்று எழுதியிருந்தாய். பாதம் திரும்பாமல் பிடித்துவைக்கும் ஷூவை ஏன் கழற்றினாய் என்று டாக்டர் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினாராம். 'நீங்கதானே கழட்டச் சொன்னீங்க' என்று அவரிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லையாம்.

செலின், டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டு ஷூவையும் சேர்க்கிற அந்த இரும்புப் பட்டையோடு பிள்ளையை என் சொந்தக்காரர்கள் பார்க்கக் கூடாது என்று, லீவில் வந்திருந்தபோது, ஞானஸ்நான விருந்து முடியும்வரை பத்து நாள் கழற்றலாம் என டாக்டர் சொன்னதாக நான்தான் பொய் சொன்னேன். கவுனை நீளமாகத் தைக்கச் சொன்னதும் பாதத்தை மறைக்கத்தான்.

இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டு. அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

மாவுக்கட்டு பிரித்ததும் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. இங்கே மெத்தென்ற காலுறை கிடைக்கிறது. ஷூவும் பட்டையும் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடு.

வேலைக்குப் போகிற வேன் வந்துவிட்டது. சுவரிலிருந்த போட்டோவை எடுத்துவிட்டேன். நீ அனுப்புவதைத்தான் ஒட்டுவேன்.

ஜோசப்ராஜ்