நண்டுகளுக்கு விட்ட தண்ணீர்

மலையிலிருந்து பலெர்மோவுக்கு வரும் பஸ்ஸில் இன்றைக்குப் பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் பைக்குள் ஒரு வசாபிக் கிழங்கு நசுங்கியிருந்தது. அரைத்த கடுகின் மேல் முகத்தை வைத்ததுபோல அந்தக் காரம் மூக்கின் உச்சிக்கு ஏறியது. உங்கள் சட்டைகளில் நாலு வருடம் இருந்த வாசம். எனக்குக் கண்ணீர் வந்தது. காரத்தால் வந்தது என்று அவள் நினைத்திருப்பாள். எதனால் வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவ்வளவு களைப்பு.

மொண்டெல்லோக் கடற்கரையில் நீங்கள் பாத்திரம் கழுவிய ஜப்பானியச் சாப்பாட்டுக்கடையின் இத்தாலிய முதலாளி, பத்ரோனேதான் இதைத் தொடக்கினார். பச்சை மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் விழுதை இந்தக் கிழங்கைத் துருவித்தான் எடுக்க வேண்டும். மலிவாக விற்பதெல்லாம் சாயம் போட்ட வேறு வேர். மதோனியே மலையில் அவருடைய குடும்பக் காணியில் ஓர் ஊற்று இருந்தது. குளிர்ந்த தண்ணீர் நிற்காமல் ஓடினால்தான் வசாபி வளரும். “அங்கை போய் நட்டுப் பாப்பமோ?” என்று நீங்கள் கேட்டபோது நான் லிபெர்த்தாத் தெருவில் மூன்று வீடுகள் துடைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு நொந்துபோன என் முழங்கால்கள்தான் சம்மதம் சொல்லின.

ஓடையோரம் பாத்தி கட்டி, சரளைக்கல் பரப்பி, நிழல்வலை கட்டி நட்டோம். உரம் போட்டால் தண்ணீரோடு கீழே போய்விடும் என்று போடவில்லை. மருந்தும் அடிக்கவில்லை. இலை தின்னும் புழுக்களைக் கையால் பொறுக்கினோம். பின்னேரமானால் முதுகு நிமிர மறுக்கும்.

முதல் வசந்தத்தில் ஒருநாள் கல்லொன்றைப் புரட்டிவிட்டுக் கத்தினீர்கள்.

“இஞ்சேர், ஓடி வாரும்! நண்டு!”

மன்னார்க் கடலோடு வளர்ந்த மனிதருக்கு மலை உச்சியில் நண்டு. மண்நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது.

“குழம்புக்குக் காணாது,” என்றேன்.

“குழம்புக்கில்லையப்பா. எப்பிடி இவ்வளவு தூரம் ஏறி வந்தவர் எண்டு கேக்கவேணும்.”

அன்றிலிருந்து நண்டை ‘அவர்’ என்றுதான் கதைத்தீர்கள். அந்தப் பக்கம் வந்த வனக்காவலர் பார்த்துவிட்டு, இந்த ஆற்று நண்டு மற்ற ஓடைகளில் அநேகமாக அழிந்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு நீங்கள் கல்லையும் மெதுவாகத்தான் புரட்டினீர்கள்.

மூன்றாம் கோடையில் மழை இல்லை. பலெர்மோவிலேயே குழாய்த் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். ஊற்று கைவிரல் பருமனுக்கு மெலிந்தது. பலகை போட்டுப் பாத்திகளுக்குத் திருப்பினால் கீழே ஓடை வற்றும். ஓடைக்கு விட்டால் கிழங்குகள் சூட்டில் அழுகும்.

“இன்னும் கொஞ்சக் காலம்தானே,” என்றேன். “கிழங்கு முத்தினால் நான் வீட்டு வேலையை விடலாம்.”

“ஓம். எனக்கு விளங்குது.”

“விளங்கினால் பலகையைப் போடுங்கோ. நண்டுக்கு வேறை இடம் இல்லையோ?”

“இல்லையெண்டுதானே அந்த வனக்காவலர் சொல்லிப்போட்டுப் போனவர்.”

நான் கத்தினேன். நீங்கள் கத்தவில்லை. ஈரக்கல்லில் குந்தியிருந்து முகத்தைத் துடைத்தீர்கள். “எனக்கும் களைப்பாத்தான் கிடக்கு. பாதியைப் பிடுங்குவம். பாதித் தண்ணியிலை மிச்சம் பிழைச்சால் பிழைக்கட்டும்.”

முற்றாத செடிகளை இருவரும் பிடுங்கினோம். நானும்தான் பிடுங்கினேன், மனம் வந்து செய்தேனா என்று இன்றுவரை சொல்லத் தெரியாது. பத்ரோனே இலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இதற்காகவா மலை ஏறினீர்கள் என்று கேட்டார். மிஞ்சியதில் கொஞ்சம் அழுகியது, கொஞ்சம் பிழைத்தது. வீட்டு வேலையை நான் விடவில்லை.

அடுத்த மாரிக்கு நல்ல மழை. அந்த மாரி முடியமுதல் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சு நோகுது என்று பாத்தியோரம் இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரமுதலே எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் அடக்கப் பூசைக்குப் பங்குக் கோயிலுக்கு வந்தவர்கள், மலையை விட்டுவிடு என்றார்கள். விடத்தான் நினைத்தேன். ஆனால் புழு விழும் காலம் வந்தது. போனேன்.

இப்போது கிழமையில் பாதி லிபெர்த்தா, பாதி மலை. நண்டுகள் இருக்கின்றன. கண்டால் சந்தோசம் வரும் என்று நினைப்பேன், அநேகமாக வருவதில்லை. இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வேன்.

போன கிழமை பத்ரோனே ஒரு குழாய்க்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊற்றின் வாயிலேயே தொட்டி கட்டி, முழுத் தண்ணீரையும் எடுத்தால் பாத்திகளைப் பெருப்பிக்கலாம் என்றார். “சின்யோரா, இனி நீங்கள் வீடு துடைக்கத் தேவையில்லை.” கெட்ட மனிதர் இல்லை. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துத்தான் சொன்னார். சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. மறுக்க என்னிடம் நல்ல காரணம் ஒன்றும் இருக்கவில்லை.

“என்ரை மனுசன் சம்மதிக்க மாட்டார்,” என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்.

அவர் குழாய்க்காரனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “சின்யோரா, அவர் இறந்துவிட்டாரே,” என்றார் மெதுவாக.

“ஓம், எனக்குத் தெரியும்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன்.