முகலூலா பேரில் வந்த டிக்கெட்

நான் ரெஸ்டி நப்பன்ஜா, வயசு இருபத்தாறு. கம்பாலா வீட்டுல செருப்பு மாட்டிக்கிட்டே போன்ல பேசிப் பதிய வைக்கிறேன். கிஸா அப்பா, வாழைக்காய் மத்தோக்கே இலையில சுத்தி சூடா இருக்கு. கிஸாவும் சாவியும் பக்கத்து வீட்டு நலோங்கோ அக்காகிட்ட.

தோஹா வேலைக்கு நீ எடுத்த டிக்கெட்ல "ரெஸ்டி முகலூலா"ன்னு இருந்துச்சு. பாஸ்போர்ட்ல நப்பன்ஜா. அப்படியே போனா கவுன்டர்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அதான் டிக்கெட்டை மாத்திட்டேன். பாஸ்போர்ட்டை மாத்த மாட்டேன்.

"புருஷன் பேர் கசக்குதாடி?"ன்னு நேத்து கத்தினியே, நம்ம வழக்கத்துல பேரே குலத்தைச் சொல்லும், உன் குலப் பேரை நான் வச்சுக்கிட்டா நாம அண்ணன் தங்கச்சி ஆயிடுவோம்யா! உன் குலச் சின்னமே வெட்டுக்கிளி, அதனால உன் குலத்துல அதைத் திங்கக் கூடாது. மழைக்காலத்துல நான் வறுத்துத் திங்கிறதையும் விடணுமா? கிஸா உன் குலம்தான், அதுல எனக்குச் சண்டை இல்ல.

சுவத்துல கல்யாணச் சான்றிதழைக் காணோமேன்னு பதறாத. "புருஷன் பேர் எங்க?"ன்னு எவனாவது கேட்டா காட்டத்தான் எடுத்துட்டுப் போறேன். பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போறேன்.

இன்னொண்ணு, கிஸாவுக்குப் பால்ல சர்க்கரை போடாத.

போன் பண்றப்போ என்னை நப்பன்ஜான்னே கூப்பிடு.