பால் கொட்டகைத் தரை

அன்பு மகள் கர்ஸ்டிக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் சுகம். டொரன்டோவில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

நம் பண்ணையை வாங்கியவர்கள் என் வீட்டுக்கு எதிரே இருந்த பால் கொட்டகையை இடித்து அங்கே வீடு கட்டுகிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முன்னால் ஆள் இருந்த இடம் என்பதால், நியூசிலாந்துச் சட்டப்படி, தொல்லியல்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் இயந்திரம் தோண்டலாமாம். அப்படி வந்தவள் ஹெனி, மாவோரிப் பெண், நாற்பது வயதிருக்கும். உறைபனியில் நிற்கிறாளே பாவம் என்று பத்து மணித் தேநீருக்குக் கூப்பிட்டேன், வந்து இரண்டு ஸ்கோன் சாப்பிட்டாள். உன் அப்பா போனபிறகு என் எதிர் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்தது அன்றுதான். மறுநாள் சிமென்டுக்கு அடியில் ஆற்றுக்கல் பதித்த தரை வந்தது, ஹெனி இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். யார் பதித்தது ஆன்ட்டி என்று கேட்டாள். தெரியாது என்றேன். பாவி, எனக்கா தெரியாது? எழுபத்தெட்டில், நீ ஆறு மாதம் என் வயிற்றில் இருந்தபோது, உன் அப்பாவும் நானும் ஆற்றிலிருந்து அள்ளிவந்து பதித்த கல். தன் தாத்தா பதித்த மாதிரியே கல்லை நெட்டுக்குத்தலாக நிறுத்துவேன் என்று அவர் பிடித்த பிடிவாதத்தில், நூறு வருஷத்துக்கு முந்தைய தரை என்று படித்தவளே ஏமாந்தாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே வேலை முடிந்து கிளம்பியிருப்பாள். சொல்லவில்லை. எட்டு நாள் அவள் மண்டியிட்டுக் கல் கல்லாகத் துலக்கினாள், தினம் பத்து மணிக்கு வந்து எதையாவது கேட்டாள், பசுக்களின் பெயரைக்கூடக் கேட்டாள். மடை திறந்த மாதிரி பேசினேன்.

வியாழக்கிழமை வாங்கியவர்களுக்கு முட்டை கொடுக்கப் போனேன். வீடு முடியும்வரை இந்தக் குளிரில் கேரவன் வண்டிக்குள் இரண்டு பிள்ளைகள், சின்னது இருமி இருமி முகமெல்லாம் சிவந்து கிடக்கிறது. கல்லுக்கு வயது தெரிந்தால்தான் வீடு எழும்புமாம் என்று அந்தப் பெண் என்னிடமே சொல்லி அழுதாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நேரே ஹெனியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, தூரிகையைக் கீழே வைத்தாள்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. தேநீருக்கு நான் சும்மாவே வந்திருப்பேனே," என்றாள்.

பிறகு நோட்டை எடுத்து வருஷத்தையும் எங்கள் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை இயந்திரம் கல்லையெல்லாம் வாரிவிட்டது. அவளுக்கு வேறு ஊரில் வேலை, போய்விட்டாள். பழக்கதோஷத்தில் இன்றும் இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன். கர்ஸ்டி, எனக்குத் தனிமையாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வெட்கம், அதனால்தான் முன்பின் தெரியாதவளிடம் பொய் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். இருவரும் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே. பசுக்களின் பெயரைக் கேள். உனக்கே தெரியும், இருந்தாலும் கேள்.

உன் அம்மா,
ஐல்சா